பங்க், மெட்டல் வாசிக்க முதல் ஆம்ப் வாங்குவது எப்படி

கடையில் எந்த ஆம்ப்பில் கிட்டாரைச் செருகி கெயினை (சிக்னலைப் பெருக்கும் குமிழை) முழுக்கத் திருகினாலும், முதல் ஐந்து நிமிடம் அது மெட்டல் போலத்தான் கேட்கும். இரைச்சல் நிறைய இருக்கும், பாஸ் குமுறும், கையில் ஏதோ பெரிய சக்தி வந்த மாதிரி இருக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு வாரம் வாசித்த பிறகுதான் சங்கதி தெரியும். பாம் மியூட் செய்தால், அதாவது உள்ளங்கையைக் கம்பிமேல் லேசாக வைத்து அடித்தால், ‘ஜக் ஜக்’ என்று வெட்டாமல் ‘பூம்’ என்று வழிகிறது. வேகமான ரிஃபில் நோட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. டிரம்மரோடு சேர்ந்து வாசித்தால் கிட்டாரையே காணோம்.

இந்த மூன்று குறைக்கும் பெரும்பாலும் வேர் ஒன்றுதான்: டிஸ்டார்ஷனுக்குள் நுழையும்போது சிக்னலில் பாஸ் (கீழ் ஒலி) அதிகமாக இருந்தது, வெளியே வரும்போது மிட் (நடு ஒலி) இல்லாமல் போனது. ஆம்ப் தேர்வில் வாட், பிராண்ட், எத்தனை எஃபெக்ட் என்று எல்லோரும் பேசுவார்கள். நான் இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டே போகப் போகிறேன்.

பவர் கார்டு பிடிக்கத் தெரியும், ஆம்ப் உலகம் புதிது என்பவர்களுக்கு எழுதுவது இது. கிட்டாரில் பிரிட்ஜ் பக்கம் ஹம்பக்கர் (இரட்டைச் சுருள்) பிக்கப் இருப்பதாக எடுத்துக்கொள்கிறேன். சிங்கிள் காயில் பிக்கப்பிலும் பங்க் தாராளமாக வாசிக்கலாம். மெட்டல் அளவுக்கு கெயின் ஏற்றினால் மட்டும் கரண்ட் ஹம் கூடவே பாடும்.

முதல் படி: எந்தச் சத்தம் வேண்டும்?

‘மெட்டல் ஆம்ப் வேண்டும்’ என்று கேட்டால் கடைக்காரர் எதை வேண்டுமானாலும் எடுத்து நீட்டலாம். மெட்டல் என்ற ஒரே பெயருக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலைந்து சத்தங்கள் இருக்கின்றன. அதனால் கடைக்குப் போகும் முன் உங்களுக்குப் பிடித்த மூன்று பேண்டுகளை எழுதிக்கொண்டு, அவர்கள் எதில் வாசித்தார்கள் என்று தேடிப் பாருங்கள்.

பங்க்கில் தொடங்கலாம். ரமோன்ஸின் ஜானி ரமோன் மாஸ்ரைட் கிட்டாரை மார்ஷல் ஆம்ப்பில் செருகி, எல்லாவற்றையும் கீழ்நோக்கிய அடியாகவே அடித்தார். செக்ஸ் பிஸ்டல்ஸின் ஸ்டீவ் ஜோன்ஸ் வாசித்தது ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப். சத்தம் எவ்வளவு ஏற்றினாலும் உடையாமல் தெளிவாக நிற்பதற்குப் பெயர்போன ஆம்ப் அது, அதைத்தான் அலறவிட்டார். இரண்டிலுமே கெயின் இன்றைய மெட்டல் ஆம்ப்களோடு ஒப்பிட்டால் ரொம்பக் குறைவு. கார்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு கம்பியும் காதில் விழும். முரட்டுத்தனம் முக்கால்வாசி வலது கையிலிருந்து வருகிறது, அதை மறைக்காமல் காட்டுகிற ஆம்ப்தான் பங்க்குக்கு நல்ல ஆம்ப்.

மெட்டல் பக்கம் வந்தால், பர்மிங்ஹாமின் பிளாக் சபாத்தில் டோனி அயோமி லேனி ஆம்ப் வைத்திருந்தார், முன்னால் ஒரு டிரெபிள் பூஸ்டர். 1981-இல் வந்த மார்ஷல் ஜேசிஎம்800, எண்பதுகளின் திராஷ் (அதிவேக மெட்டல்) சத்தத்தில் பாதியைச் சுமந்தது. ஸ்லேயரின் கெர்ரி கிங் அதன் பக்தர். மெட்டாலிகாவின் 1986 ஆல்பத்தில் கேட்பது மீசா பூகி மார்க் 2சி பிளஸ். 1992-இல் கிட்டாரிஸ்ட் எட்டி வான் ஹேலனுக்காக பீவி நிறுவனம் 5150 என்ற ஆம்ப்பைக் கொண்டுவந்தது. அவர் வாசித்த ஹார்ட் ராக்கைத் தாண்டி மெட்டல்காரர்கள் அதைத் தூக்கிக்கொண்டு போனார்கள். எட்டி விலகிய பிறகு அதே ஆம்ப் 6505 என்ற பெயரில் தொடர்ந்தது. அதே தொண்ணூறுகளில் மீசாவின் டூயல் ரெக்டிஃபையர் கனமான, அகலமான இன்னொரு சத்தத்தைக் கொடுத்தது.

அப்புறம் இரண்டு விதிவிலக்குகள் உண்டு, இரண்டையும் தெரிந்துகொள்வது பணத்தை மிச்சப்படுத்தும். பாண்டேராவின் டைம்பேக் டாரெல் பேர்வாங்கிய அந்த ரம்பச் சத்தம் ராண்டால் சாலிட் ஸ்டேட் (டிரான்சிஸ்டரில் ஓடும்) ஆம்ப்பிலிருந்து வந்தது. டியூப் என்ற கண்ணாடி வால்வு ஒன்றுகூடக் கிடையாது. ஸ்டாக்ஹோமின் சன்லைட் ஸ்டுடியோவில் 1990 வாக்கில் என்டூம்ப்ட் போன்ற பேண்டுகள் உருவாக்கிய சுவீடிஷ் டெத் மெட்டல் சத்தமோ, பாஸ் (Boss) நிறுவனத்தின் ஹெச்எம்-2 என்ற சின்னப் பெடலின் நாலு குமிழையும் கடைசிவரை திருகியதில் பிறந்தது. ‘டியூப் இல்லாமல் மெட்டல் இல்லை’ என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஆல்பத்தில் கேட்கும் கிட்டார் ஒரு கிட்டார் அல்ல. ஒரே ரிஃபை இரண்டு முறையோ நான்கு முறையோ தனித்தனியாக வாசித்து, இடதும் வலதுமாக வைத்திருப்பார்கள். வயிற்றில் இடிக்கும் அந்தக் கனத்தில் பெரும்பங்கு பாஸ் கிட்டாருடையது. அறையில் ஒரே ஆம்ப்போடு உட்கார்ந்து அந்தக் கனத்தைத் தேடினால் பாஸ் குமிழை ஏற்றிக்கொண்டேதான் போவீர்கள், சத்தம் கெட்டுக்கொண்டே போகும்.

இரண்டாம் படி: டிஸ்டார்ஷன் எங்கே பிறக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வரும்.

ஆம்ப்புக்குள் இரண்டு கட்டங்கள். முதலில் பிரீஆம்ப், கிட்டாரின் சின்னஞ்சிறு சிக்னலைப் பெரிதாக்கி டோன் கொடுப்பது அதன் வேலை. அடுத்தது பவர் ஆம்ப். ஸ்பீக்கரைத் தள்ளும் பலம் அங்கிருந்து வருகிறது. இரண்டில் எதையும் அதன் தாங்கும் அளவுக்கு மேல் தள்ளினால் அலையின் முகடுகள் வெட்டுப்படும். அந்த வெட்டுதான் டிஸ்டார்ஷன்.

பழைய பங்க், ராக் சத்தத்தில் வெட்டு நிறைய பவர் ஆம்ப்பில் நடந்தது. அதற்கு வால்யூமை உச்சத்துக்கு ஏற்ற வேண்டும், பக்கத்துத் தெருவும் எழுந்துகொள்ளும். எழுபதுகளின் நடுவில் மார்ஷல் மாஸ்டர் வால்யூம் வைத்த மாடல்களைக் கொண்டுவந்த பிறகு, பிரீஆம்ப்பில் வெட்டை உண்டாக்கி, மொத்தச் சத்தத்தைத் தனியாகக் குறைத்துக்கொள்ள முடிந்தது. இன்றைய மெட்டல் ஆம்ப் எல்லாமே அந்த வழியில் வந்தவை: பிரீஆம்ப்பில் ஒன்றன்பின் ஒன்றாகப் பல கெயின் கட்டங்கள்.

இப்போது பாஸ் விஷயம். கிட்டாரின் தடித்த ஈ கம்பி சுமார் 82 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. கீழ் ஸ்வரங்களுக்கு ஆற்றல் அதிகம், அதனால் கெயின் கட்டத்தில் முதலில் வெட்டுப்படுவது அவைதான். அவை வெட்டுப்படும்போது மேலே உள்ள எல்லாவற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு குழைந்துவிடும். இலேசான கெயினில் இது தெரியாது. பங்க்குக்குச் சுகமான முரடாகக்கூட இருக்கும். மெட்டல் அளவு கெயினில் பாம் மியூட் சகதியாகிவிடும். வழி ஒன்றே: டிஸ்டார்ஷனுக்கு முன்னால் பாஸைக் குறை, தேவையானதைப் பின்னால் சேர்.

மேலே சொன்ன பேண்டுகளை இந்தக் கண்ணோடு திரும்பப் பாருங்கள். அயோமியின் டிரெபிள் பூஸ்டர் செய்தது இதைத்தான். மேல் ஸ்வரங்களை ஏற்றி ஆம்ப்புக்குள் அனுப்பியது, பாஸ் பின்தங்கியது. மீசா மார்க் வரிசையில் பாஸ், மிட், டிரெபிள் குமிழ்கள் முக்கியமான கெயின் கட்டங்களுக்கு முன்னாலேயே இருக்கின்றன. அதனால்தான் அதில் பாஸ் குமிழை ஒன்றிலோ இரண்டிலோ வைத்துவிட்டு, டிஸ்டார்ஷனுக்குப் பின்னால் இருக்கும் ஐந்து பட்டை ஈக்யூவில் (ஒலியின் ஐந்து பகுதிகளைத் தனித்தனியாக ஏற்றி இறக்கும் பகுதியில்) 80 ஹெர்ட்ஸை ஏற்றி 750-ஐ இறக்குவார்கள். முகப்பில் பார்த்தால் ‘வி’ வடிவம். எண்பதுகளின் நடுவே வந்த மெட்டாலிகாவின் அந்த இறுக்கமான, நடுவில் குழிவிழுந்த சத்தம் அப்படி வந்தது. அதைப் பார்த்து ஊரே தங்கள் ஆம்ப்பில் மிட் குமிழைப் பூஜ்யத்தில் வைத்தது, ஆனால் பாஸை முன்னால் குறைக்கும் பாதி யாருக்கும் தெரியவில்லை.

டூயல் ரெக்டிஃபையரிலும் 5150 வகையிலும் டோன் குமிழ்கள் கெயினுக்குப் பின்னால். ஆகவே பாஸ் கொழகொழவென்று நுழைந்துவிடும். அதற்காகத்தான் மெட்டல் கிட்டாரிஸ்டுகள் முன்னால் ஐபனேஸ் டியூப் ஸ்கிரீமர் போன்ற பச்சை ஓவர்டிரைவ் பெடலை வைக்கிறார்கள். புதியவர்களுக்கு இது புதிராக இருக்கும்: ஏற்கெனவே வெறிபிடித்த டிஸ்டார்ஷன் உள்ள ஆம்ப்புக்கு முன்னால் மிருதுவான ஒரு புளூஸ் பெடல் எதற்கு? அந்தப் பெடலின் டிரைவைப் பூஜ்யத்தில் வைத்து லெவலை மட்டும் ஏற்றுவார்கள். அதன் உள்ளமைப்பு சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை ஏற்றாமல் விட்டு, மிட்டை முன்னே தள்ளுகிறது. ஆம்ப்புக்குள் போவது மெலிந்த சிக்னல், வெளியே வருவது கூர்மையான வெட்டு.

இதைத் தெரிந்துகொண்டவருக்கு ஆம்ப் தேர்வில் பாதி வேலை முடிந்தது. மிதமான ஆம்ப் ஒன்றும் முன்னால் ஒரு ஓவர்டிரைவ் பெடலும் சேர்ந்தால், விலை அதிகமான ‘ஹை கெயின்’ ஆம்ப்பைத் தனியாக வாசிப்பதைவிட இறுக்கமாகக் கேட்கும்.

மூன்றாம் படி: எங்கே வாசிக்கப் போகிறீர்கள்?

வாட் கணக்கில் எல்லோரும் ஏமாறுகிறார்கள். 50 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் உள்ள வித்தியாசம் வெறும் 3 டெசிபல். காதுக்கு இருமடங்கு சத்தமாகத் தோன்ற சுமார் 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட். செலெஸ்டியன் விண்டேஜ் 30 என்ற பிரபலமான 12 அங்குல ஸ்பீக்கருக்கு ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 100 டெசிபல் வரும் என்று நிறுவனமே குறிப்பிடுகிறது. ஒரே ஒரு வாட்! அபார்ட்மெண்ட் அறையில் அது தாங்காது. ‘வீட்டுக்கு 15 வாட் டியூப் போதும்’ என்ற அறிவுரையைக் கேட்டு வாங்கியவர்கள் வால்யூம் குமிழை ஒன்றுக்கு மேல் ஏற்றியிருக்க மாட்டார்கள்.

ஆகவே உங்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த ஒரு வருடம் எங்கே வாசிப்பீர்கள்?

சுவருக்கு அந்தப் பக்கம் வேறு குடும்பம், இரவு ஒன்பதுக்குப் பிறகுதான் நேரம் கிடைக்கும், பேண்ட் இன்னும் இல்லை என்றால், என் யோசனை ஆம்ப்பே வாங்காதீர்கள். ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு நல்ல ஹெட்போன், ஏற்கெனவே இருக்கும் கணினி. நியூரல் ஆம்ப் மாடலர் என்ற மென்பொருள் இலவசம். 5150, ரெக்டிஃபையர், ஜேசிஎம்800 எல்லாவற்றின் பதிவுகளையும் மக்கள் இலவசமாகப் பகிர்கிறார்கள். அதோடு கேபினட்டின் (ஸ்பீக்கர் பெட்டியின்) சத்தத்தைத் தரும் ஐஆர் கோப்பு ஒன்றைச் சேர்க்க மறக்காதீர்கள்; அது இல்லாமல் டிஸ்டார்ஷன் கொசு ரீங்காரம் மாதிரி இருக்கும். உங்களுக்கு எந்தச் சத்தம் பிடிக்கிறது என்று செலவில்லாமல் கண்டுபிடிக்கவும் இதைவிட நல்ல வழி இல்லை.

தனி வீடு, கொஞ்சம் சத்தம் போடலாம் என்றால் 12 அங்குல ஸ்பீக்கரும் பவர் குறைக்கும் வசதியும் உள்ள காம்போ (ஆம்ப்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில்). பேண்டோடு வாசிக்கப் போகிறீர்கள் என்றால் டிரம்மரை அளவுகோலாக வையுங்கள். டியூப்பில் 20 முதல் 50 வாட், சாலிட் ஸ்டேட்டில் 50 முதல் 100 வாட், 12 அங்குலத்துக்குக் குறையாத ஸ்பீக்கர். மேடைக்கு அதற்குமேல் தேவைப்படுவது அபூர்வம், மைக் வைத்துவிடுவார்கள்.

நான்காம் படி: டியூபா, சாலிட் ஸ்டேட்டா, மாடலிங்கா?

தாத்தா காலத்து வால்வு ரேடியோவில் இருந்த அதே கண்ணாடிக் குழாய்கள்தான் டியூப் ஆம்ப்பில் இருப்பவை. சத்தமாக வாசித்தால் கைக்குக் கீழே உயிருள்ள மாதிரி பதில் சொல்லும். ஆனால் கனம், சூடு, விலை, பவர் டியூப்களை அவ்வப்போது மாற்ற வேண்டிய செலவு எல்லாம் உண்டு. வாங்கத்தான் போகிறேன் என்பவர்களுக்கு: மார்ஷல் டிஎஸ்எல் வரிசை பங்க்குக்கும் எண்பதுகளின் மெட்டலுக்கும் பொருந்தும், டிஎஸ்எல்20-ஐ 10 வாட்டுக்கு இறக்கலாம், டிஎஸ்எல்40-ஐ 20 வாட்டுக்கு. நவீன மெட்டல் என்றால் பீவி 6505 மினி ஹெட் (ஹெட் என்றால் ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப்), ஈவிஹெச் 5150 ஐகானிக் இரண்டையும் கேட்டுப் பாருங்கள்.

சாலிட் ஸ்டேட்டை மட்டம் என்று நினைக்கும் பழக்கம் போகவேண்டும். சத்தம் எந்த அளவில் இருந்தாலும் டோன் பெரிதாக மாறாது, பாஸ் இறுக்கமாக இருக்கும், தூக்கிப்போட்டு எடுத்துப்போகலாம். ஆரஞ்சு கிரஷ் 35ஆர்டி பங்க்குக்கு அருமையான முரட்டு மிட் கொண்டது. பீவி பாண்டிட் 112 பழையதாகக் கிடைத்தால் யோசிக்காமல் போய்ப் பாருங்கள். அடிவாங்கினாலும் ஓடிக்கொண்டிருக்கும் சாதி அது.

மாடலிங் ஆம்ப் கணினிச் சிப்பின் மூலம் பல ஆம்ப்களின் குணத்தை நடிக்கும். முதல் ஆம்ப் என்று ஒன்றைத்தான் சொல்ல வேண்டுமென்றால், பாஸ் நிறுவனத்தின் கட்டானா 50 என்று சொல்வேன். 12 அங்குல ஸ்பீக்கர், 50, 25, அரை வாட் என்று மாற்றும் சுவிட்ச், ஹெட்போன் வசதி, உள்ளேயே ஓவர்டிரைவ் பூஸ்ட். அதன் ‘பிரவுன்’ சத்தத்தின் முன்னால் அந்த பூஸ்டைப் போட்டால் மெட்டல், ‘கிரன்ச்’ சத்தத்தில் பூஸ்ட் இல்லாமல் வாசித்தால் பங்க். யமஹா டிஹெச்ஆர் போன்ற மேஜை ஆம்ப்கள் அறைக்கு நன்றாக இருக்கும், பேண்டுக்கு ஆகாது. நூறு எஃபெக்ட் இருக்கிறது என்று விளம்பரம் செய்யும் மலிவான ஆம்ப்களைத் தவிர்த்துவிடுங்கள். பங்க்குக்கும் மெட்டலுக்கும் அவற்றில் தேவைப்படுவது நாய்ஸ் கேட் (வாசிக்காதபோது இரைச்சலை அடைப்பது), பூஸ்ட், எப்போதாவது டிலே.

ஐந்தாம் படி: ஸ்பீக்கரைப் பாருங்கள்

டிஸ்டார்ஷன் சிக்னலில் மேல்பக்கம் நிறையக் கரகரப்பு இருக்கும். கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே தானாகவே சரிந்துவிடுவதால் அது காதைக் கிழிப்பதில்லை. அதனால்தான் ஹோம் தியேட்டரில் செருகினால் சகிக்காது. வீட்டில் பங்க் வாசிக்க 10 அங்குலம் போதும். பாம் மியூட் நெஞ்சில் தட்ட வேண்டுமென்றால் 12, முடிந்தால் பின்பக்கம் மூடிய கேபினட். பின் திறந்த காம்போவில் பாஸ் சிதறிப் போகும். விண்டேஜ் 30 மேல் மிட்டில் கூர்மையானது, மெட்டல் ஆல்பங்களில் அடிக்கடி கேட்பது அதைத்தான். அதே நிறுவனத்தின் கிரீன்பேக் மென்மையான, கரடுமுரடான வகை, ஆனால் ஒன்று 25 வாட்தான் தாங்கும்.

ஆறாம் படி: கரண்ட், ஓம், எர்த்

அமெரிக்காவிலிருந்து வரும் உறவினர் பாசத்தோடு தூக்கிக்கொண்டு வரும் ஆம்ப் 120 வோல்ட்டுக்கானது. இந்தியாவிலும் இலங்கையிலும் நம் சுவரில் இருப்பது 230 வோல்ட். நேராகச் செருகினால் நல்வாய்ப்பாக ஃபியூஸ் போகும், இல்லாவிட்டால் டிரான்ஸ்ஃபார்மர் போகும். பின்பலகையில் வோல்டேஜ் தெளிவாக எழுதியிருக்கும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால், அதே பலகையில் எழுதியிருக்கும் மின் நுகர்வைவிடத் தாராளமான ஒன்றாக வையுங்கள். ஸ்பீக்கருக்குப் போகும் வாட்டும் சுவரிலிருந்து இழுக்கும் வாட்டும் ஒன்றல்ல. ‘60 ஹெர்ட்ஸ்’ மட்டும் எழுதியிருக்கும் ஆம்ப் நம் 50 ஹெர்ட்ஸில் கூடுதலாகச் சூடாகலாம், அதை வேண்டாம் என்றே சொல்வேன்.

டியூப் ஆம்ப்பை ஸ்பீக்கர் மாட்டாமல் ஓடவிடவே கூடாது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகும், பழுதுபார்ப்பதில் அதுதான் பெரிய செலவு. கேபினட் 8 ஓம் என்றால் ஆம்ப்பின் 8 ஓம் ஜாக்கில் செருகுங்கள். சாலிட் ஸ்டேட்டுக்குக் குறைந்தபட்ச ஓம் எழுதியிருக்கும், அதற்குக் கீழே போகக்கூடாது, மேலே போனால் சத்தம் மட்டும் குறையும். ஹெட்டிலிருந்து கேபினட்டுக்கு ஸ்பீக்கர் கேபிள்தான். கிட்டார் கேபிள் பார்க்க அதே மாதிரி இருந்தாலும் அந்தக் கரண்டைத் தாங்காது.

எர்த் பின்னை உடைத்துவிட்டு ‘ஹம் போய்விட்டது பாருங்கள்’ என்று காட்டுபவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஆம்ப்பில் பழுது வந்தால் அந்தக் கரண்ட் கிட்டார் கம்பி வழியாக உங்கள் கைக்குத்தான் வரும். ஹம் இருந்தால் வயரிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஏழாம் படி: கடையில் என்ன வாசித்துப் பார்ப்பது

உங்கள் கிட்டாரையே கொண்டுபோங்கள். கடையிலுள்ள விலை உயர்ந்த கிட்டாரில் எந்த ஆம்ப்பும் நல்லவன்தான். எல்லாக் குமிழையும் நடுவில் வைத்து, கெயினை மூன்றில் தொடங்குங்கள்.

முதலில் தடித்த கம்பியில் பாம் மியூட், மெதுவாக, ஒவ்வொரு அடிக்கும் இடையே நிறுத்தி. அடி நின்றதும் சத்தமும் நிற்கிறதா? கெயினை ஒவ்வொரு படியாக ஏற்றிக்கொண்டே வாருங்கள், எந்த இடத்தில் அது வழியத் தொடங்குகிறது என்று கவனியுங்கள். அந்த இடம் ஆறுக்கு மேலே இருந்தால் நல்ல ஆம்ப். அப்புறம் முழுக் கார்டு, திறந்த ஈ மைனர் மாதிரி ஒன்று; கம்பிகள் பிரிந்து கேட்க வேண்டும். மூன்றாவதாக கிட்டாரின் வால்யூம் குமிழை ஐந்துக்கு இறக்குங்கள். பங்க்குக்கு இது பெரிய சோதனை: சத்தம் குறையாமல் உடைசல் மட்டும் குறைந்தால், பெடலே இல்லாமல் ஒரு முழுக் கச்சேரி வாசித்துவிடலாம்.

இரண்டு ஆம்ப்களை ஒப்பிடும்போது வால்யூமைக் காதால் சமப்படுத்துங்கள். கொஞ்சம் சத்தமாக இருப்பது எப்போதும் நல்ல டோன் போல ஏமாற்றும், அது கடைக்காரருக்கும் தெரியும். கூச்சப்படவும் வேண்டாம். நாலு பவர் கார்டு மட்டுமே தெரிந்தாலும் அதையே வாசியுங்கள். பின்னால் நின்று வேகமாக லீட் வாசித்துக் காட்டும் விற்பனையாளரின் கை உங்கள் வீட்டுக்கு வராது.

பழைய ஆம்ப் வாங்கினால் இன்னும் சில. எல்லாக் குமிழையும் திருகிப் பாருங்கள், கரகரத்தால் தூசி, அது சின்ன விஷயம். கிட்டார் இல்லாமலேயே பலத்த ஹம் வந்தால் பெரிய விஷயமாக இருக்கலாம். இருபது நிமிடமாவது ஓடவிடுங்கள், சூடானபிறகு வெளிப்படும் கோளாறுகள் உண்டு. டியூப் ஆம்ப்பில் பின்பக்கம் எட்டிப் பார்த்தால் உள்ளே ஆரஞ்சு நிறத்தில் இழை ஒளிர்வது சரி. பவர் டியூபின் உள்ளே இருக்கும் தகடே சிவந்து கனன்றால் உடனே அணைத்துவிடுங்கள். வாசிக்கும்போது டியூபைப் பென்சிலால் மெல்லத் தட்டினால் ‘டங்’ என்று ஸ்பீக்கரில் பெரிதாகக் கேட்பது தேய்ந்த டியூபின் அறிகுறி, விலை பேச உதவும்.

எட்டாம் படி: வீட்டில் எங்கே தொடங்குவது

பங்க்குக்கு: கெயின் 5, பாஸ் 4, மிட் 7, டிரெபிள் 6. ரிவெர்ப் வேண்டாம். ரொம்ப மென்மையாக இருக்கிறது என்று தோன்றினால் கெயினைத் தொடாமல் கையை ஓங்கி அடியுங்கள்.

மெட்டலுக்கு: கெயின் 5 அல்லது 6, பாஸ் 4, மிட் 5, டிரெபிள் 6, பிரசன்ஸ் (உச்ச ஒலியின் கூர்மைக்கான குமிழ்) இருந்தால் 5. முன்னால் ஓவர்டிரைவ், டிரைவ் 0, டோன் நடுவில், லெவல் முக்கால்வாசிக்கு மேல். இதற்குமேல் கெயின் தேவை என்று தோன்றினால் ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள், பெரும்பாலும் தேவைப்படாது. நாய்ஸ் கேட்டின் அளவை, நீங்கள் வாசிக்காதபோது இரைச்சல் சரியாக மறையும் இடத்தில் நிறுத்துங்கள். அதைத் தாண்டினால் நீண்டு ஒலிக்க வேண்டிய கார்டின் வாலை வெட்டிவிடும்.

எல்லோரும் கேலி செய்யும் பாஸ் நிறுவனத்தின் மெட்டல் ஜோன் பெடல் ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறதா? தூக்கி எறியாதீர்கள். ஆம்ப்பின் முன் ஜாக்கில் செருகாமல், பின்னால் எஃபெக்ட்ஸ் லூப் ரிட்டர்னில் செருகிப் பாருங்கள். ஆம்ப்பின் பிரீஆம்ப் விலகிக்கொள்ள, பெடலே பிரீஆம்ப் ஆகிவிடும். அதன் மிட் குமிழைப் பொறுமையாகத் திருகினால் நிறையப் பேர் வாயை மூடிக்கொள்வார்கள்.

குறைந்த சத்தத்தில் நம் காதுக்கு பாஸும் உச்ச டிரெபிளும் மங்கலாகவே கேட்கும். ஃப்ளெட்சர், மன்சன் இருவரும் 1933-லேயே அளந்து காட்டிய விஷயம் இது. அறையில் மெதுவாக வாசித்து அமைத்த டோனில் ஆகவே பாஸும் டிரெபிளும் தூக்கலாக இருக்கும், மிட் தேய்ந்திருக்கும். அதே அமைப்போடு ஜாம் ரூமுக்குப் போனால் பாஸ் கிட்டாரும் கிக் டிரம்மும் உங்கள் கீழ்ப்பகுதியை விழுங்கிவிடும், சிம்பல் மேல்பகுதியை எடுத்துக்கொள்ளும். பேண்டோடு வாசிக்கும்போது பாஸை ஒரு படி குறைத்து மிட்டை இரண்டு படி கூட்டுங்கள். தனியாகக் கேட்டால் மூக்கடைத்த மாதிரி இருக்கும், பாட்டுக்குள் சரியாக உட்காரும்.

ஆம்ப்பைத் தரையில் வைத்து முன்னால் நின்றால் மேல் ஸ்வரங்கள் உங்கள் முழங்காலுக்குப் போகும், நீங்களும் டிரெபிளை ஏற்றிக்கொண்டே இருப்பீர்கள், எதிரே உட்கார்ந்திருப்பவர் காதைப் பொத்துவார். நாற்காலியில் ஏற்றி வையுங்கள் அல்லது பின்னோக்கிச் சாய்த்து உங்கள் காதைப் பார்க்கத் திருப்புங்கள். ஜாம் ரூமுக்குக் காதடைப்பான் ஒரு ஜோடி கட்டாயம்: வேலையிடச் சத்தத்துக்கு அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு வைத்திருக்கும் வரம்பின்படி 100 டெசிபலில் பாதுகாப்பான நேரம் ஒரு நாளைக்கு 15 நிமிடம், பங்க் பேண்டின் ஒரு பயிற்சி அதைத் தாண்ட ஐந்து பாட்டு போதும்.